பத்து முன்மொழிவுகள்: புரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடலாமா?

கேள்வி: செப்டம்பர் 30, 2024

இந்த ஆண்டுதான் குடியுரிமை கிடைத்தது. கலிபோர்னியாவில் எனக்கு இது முதல் வாக்கு. தபாலில் வந்த வாக்காளர் கையேடு ஒரு புத்தகம் போல இருக்கிறது. உள்ளே பத்து முன்மொழிவுகள், ஒவ்வொரு சட்டத்துக்கும் நாமே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ போட வேண்டுமாம். அதிபர் யார் என்று முடிவு செய்ய எனக்கு நேரமே ஆகவில்லை. இதில் மூன்றாவதைப் படிக்கும்போதே தூக்கம் வந்துவிட்டது. “புரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை போடு, ஒரு கெடுதலும் வராது” என்கிறார் அலுவலக நண்பர். அது சரியா அண்ணா? இன்னொன்று: என் பக்கத்து வீட்டுக்காரர் நான் கட்டும் சொத்து வரியில் ஐந்தில் ஒரு பங்குதான் கட்டுகிறாராம். அதுவும் இப்படி மக்கள் வாக்களித்து வந்த சட்டம்தான் என்கிறார்கள். இந்தப் பத்தில் ஏதாவது அதைச் சரிசெய்யுமா?

செப்டம்பர் 30, இரவு

இரண்டாவது கேள்விக்கு விடை சுலபம்: சரிசெய்யாது. நீங்கள் சொல்லும் அந்தச் சொத்து வரிச் சட்டம் 1978-இன் 13-ஆம் முன்மொழிவு. பத்தில் ஒன்றுகூட அதன் அடிமடியில் கை வைக்கவில்லை. 5-ஆம் எண் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் உரசுகிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு: உங்கள் நண்பர் பாதிதான் சரி. ‘இல்லை’ என்றால் இருப்பது இருந்தபடி இருக்கும் என்பது முன்முயற்சிகளுக்கு, அதாவது மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் புதுச் சட்டங்களுக்கு, பொருந்தும். சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்துக் கையெழுத்து திரட்டி வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவந்தால் கதை தலைகீழ். அங்கே ‘ஆம்’ என்றால்தான் இருக்கும் சட்டம் நிற்கும். ‘இல்லை’ போட்டால் சட்டம் போய்விடும். இந்த ஆண்டு அப்படி ஒன்று இல்லை என்பதால் தப்பித்தோம்.

அக்டோபர் 1

13-ஐப் பற்றிப் பலரும் கேட்டிருப்பதால் நீளமாகவே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1978 ஜூன் 6. ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975-76-இல் இருந்தபடி உறையும். பிறகு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் மட்டும் அன்றைய சந்தை விலைக்குத் தாவும். இவற்றோடு, சட்டமன்றம் மாநில வரியைக் கூட்ட இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். உள்ளூர் சிறப்பு வரிகளுக்கு வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1985-இல் 1,50,000 டாலருக்கு வாங்கிய வீடு, ஆண்டுதோறும் முழு 2 விழுக்காடு ஏறியிருந்தாலும், இன்று வரிக் கணக்கில் சுமார் 3,25,000 டாலர். அடிப்படை வரி 3,250. அதே தெருவில் அதே அளவு வீட்டை 2018-இல் 14 லட்சம் டாலருக்கு வாங்கியவருக்கு இன்று வரி மதிப்பு 15.77 லட்சம். அடிப்படை வரி 15,770. ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளி, ஒரே தீயணைப்பு நிலையம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. முன்பே வந்துவிட்டார், அவ்வளவுதான்.

இது சமத்துவத்துக்கு எதிரானது என்று லாஸ் ஏஞ்சலஸில் புதிதாக வீடு வாங்கிய ஒரு பெண் வழக்கறிஞர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். பழைய அண்டை வீட்டாரைவிட ஐந்து மடங்கு அவருக்கு. 1992-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். ஆகவே நீதிமன்றக் கதவு அடைத்தாயிற்று. மாற்ற வேண்டுமானால் இன்னொரு வாக்கெடுப்புதான்.

அப்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சிகளின் சொத்து வரி வருவாய் ஒரே ஆண்டில் பாதிக்கும் மேல் விழுந்தது. மாநில அரசிடம் பெரிய உபரி இருந்ததால் அள்ளிக் கொடுத்து முட்டுக்கொடுத்தார்கள். முட்டுக்கொடுத்தவர் கைக்குச் சாவி போவது இயல்புதானே. பள்ளிக்கூடங்களுக்கு எவ்வளவு என்று நகரத்தில் முடிவான விஷயம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனது அப்படித்தான். உள்ளூர்க்காரன் கையில் காசு இருக்கட்டும் என்று வாக்களித்தவர்களுக்கு அதிகாரம் உள்ளூரை விட்டே போனது.

அக்டோபர் 1, சற்று நேரம் கழித்து

“ரீகன் ஆளுநராக இருந்தபோது வந்த சட்டம்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அப்போது ஆளுநர் ஜெர்ரி பிரவுன். முதலில் எதிர்த்தார், மக்கள் வாக்களித்ததும் தானே பிரசவம் பார்த்ததுபோல அமல்படுத்தக் கிளம்பினார், அதே நவம்பரில் மீண்டும் ஜெயித்தார்.

அக்டோபர் 3

எண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை. முன்மொழிவுகளின் எண் பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் 2020 மார்ச்சில் பள்ளிக் கட்டடங்களுக்கான 1,500 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 13 என்ற எண் விழுந்தது. தோற்றது. பழைய 13-இல் கை வைக்கிறார்கள் என்று நினைத்துப் பலர் ‘இல்லை’ போட்டிருப்பார்கள் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. உண்மை எவ்வளவோ, அந்த வாரம் என்னிடமே இரண்டு பேர் “13-ஐ எடுக்கப் போகிறார்களாமே” என்று கலவரத்தோடு கேட்டார்கள்.

அக்டோபர் 5

நான் கையேட்டைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். வேறு யாருக்காவது ஒத்துவந்தால் சரி.

ஒரு முன்மொழிவு என்ன செய்கிறது என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பிடிக்காமல் போனால் நாளைக்கு அதை யார் மாற்ற முடியும் என்பதை. கலிபோர்னியாவில் மக்கள் முன்முயற்சியால் வந்த சாதாரணச் சட்டத்தைக்கூட சட்டமன்றம் தானாகத் திருத்த முடியாது. அந்தச் சட்டமே ‘திருத்தலாம்’ என்று வழி விட்டிருந்தால் ஒழிய மீண்டும் மக்களிடம்தான் வர வேண்டும். மற்ற மாநிலங்களில் சில ஆண்டுகளில், அல்லது கூடுதல் பெரும்பான்மையில், சட்டமன்றம் கை வைக்க வழி இருக்கிறது. இங்கே பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

2020-இன் 22-ஆம் முன்மொழிவைப் பாருங்கள். ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் போன்ற நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டி, தங்கள் ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டன. எல்லோரும் பேசியது அந்த 20 கோடியைப் பற்றி. நான் வாய் பிளந்தது வேறொன்றைப் பார்த்து: இதைத் திருத்த சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் எட்டில் ஏழு பங்கு வேண்டும். எட்டில் ஏழு! சாக்ரமென்டோவில் மதிய உணவுக்கு எங்கே போவது என்பதில்கூட எட்டில் ஏழு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் இந்த ஜூலை 25-ஆம் தேதி அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

பூட்டு என்று சொன்னதும் கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1911-இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் இந்த முறையைக் கொண்டுவந்தபோது சட்டமன்றமே சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பையில் இருந்தது. பையில் இருப்பவர்களிடம் சாவியைக் கொடுக்காதே என்பது நியாயமான எண்ணம்தான். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துப் பூட்டு வாங்கக் கூடியவர்கள் யார் என்பதுதான் மாறியிருக்கிறது.

அக்டோபர் 6

நேற்றைய குறிப்புக்குத் தொடர்ச்சி. இந்த நவம்பரில் பதினொன்றாவதாக ஒன்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்திருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் பெரிய பூட்டு.

பெருநிறுவனங்களின் அமைப்பான கலிபோர்னியா பிசினஸ் ரவுண்ட்டேபிளும் ஹோவர்ட் ஜார்விஸ் பெயரில் இயங்கும் வரி செலுத்துவோர் சங்கமும் ஆதரித்த முன்முயற்சி அது. மாநிலத்தின் எந்த வரி உயர்வும் வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் செல்லாது. அதிகாரிகள் நிர்ணயிக்கும் பல கட்டணங்களைக்கூட இனி சட்டமன்றமோ நகர மன்றமோதான் விதிக்க வேண்டும். மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் உள்ளூர் சிறப்பு வரிகளுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதோடு, 2022 ஜனவரி 1-க்குப் பின் வந்த வரிகளில் இந்த விதிக்குள் வராதவை ரத்தாகும். லாஸ் ஏஞ்சலஸில் 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விற்பனைக்கு வந்த புதிய வரி சுமார் 58 விழுக்காடு வாக்கில் ஜெயித்தது. அது அடிபட்டுப் போயிருக்கும்.

ஆளுநரும் சட்டமன்றமும் நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜூன் 20-இல் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, இது வெறும் திருத்தமல்ல, அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பையே மாற்றியெழுதுவது. அதைக் கையெழுத்து திரட்டிச் செய்ய முடியாது என்று வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கினார்கள். மாற்றியெழுத வேண்டுமானால் சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வழியாகவோ தனி அரசியல் நிர்ணய மாநாடு வழியாகவோதான் வர வேண்டும்.

எனக்கு இதில் மனம் இரண்டாகக் கிடக்கிறது. முடிவு நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் 1978-இல் 13-க்கு எதிராக இதே வாதத்தை வைத்தபோது, அதே நீதிமன்றம் அது திருத்தம்தான் என்று அனுமதித்தது. பின்தேதியிட்டு ரத்துச் செய்யும் விதியும், சட்டமன்றத்தின் வரி அதிகாரத்தையே பறிப்பதும் 13-இல் இல்லை என்பது உண்மை. இருந்தாலும் மக்கள் ஒரு வாக்கும் போடுவதற்கு முன்பே நீக்குவது, கையெழுத்துப் போட்ட பல லட்சம் பேரிடம் “உங்கள் கேள்வியே தப்பு” என்று சொல்வதல்லவா? கையெழுத்துப் போடாத எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அக்டோபர் 9

5-ஆம் எண். “மூன்றில் இரண்டு பங்கு விதி 13-இல் வந்தது, அதை 5 உடைக்கிறது” என்று துண்டறிக்கைகளில் பார்க்கிறேன். உள்ளூர்க் கடன் பத்திரங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு என்பது 1879-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஜார்விஸ் அப்போது பிறக்கவே இல்லை. பள்ளிக் கட்டடக் கடனுக்கு மட்டும் 2000-இல் 39-ஆம் முன்மொழிவு அதை 55 விழுக்காடாக்கியது. இப்போது 5, மலிவு விலை வீடுகளுக்கும் சாலை, குடிநீர் போன்றவற்றுக்கும் அதே 55-ஐக் கேட்கிறது. இதே நாளில் நடக்கும் உள்ளூர்த் தேர்தல்களுக்கும் பொருந்தும்.

இனி உங்கள் சொத்து வரிப் பில்லை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் வந்துவிடும். மேலே நிலத்துக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு. வீட்டுக்காரர் விலக்கு என்று 7,000 டாலரைக் கழித்திருப்பார்கள். ஆண்டுக்கு 70 டாலர் மிச்சம். வீட்டு விலை எங்கோ போய்விட்டது, அந்த 7,000 பல பத்தாண்டுகளாக அதே இடத்தில் குந்தியிருக்கிறது. கீழே 1 விழுக்காடு என்று ஒரு வரி. அதுதான் 13. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: பள்ளி மாவட்டக் கடன், சமூகக் கல்லூரிக் கடன், மாவட்ட வீட்டுவசதிக் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் 0.0 என்று தொடங்கும் ஒரு விகிதம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நவம்பரில் யாரோ ‘ஆம்’ போட்டது. கடைசியில் மனைக்கு இவ்வளவு என்று நிலையான தொகைகள்.

அந்தப் பொடி எழுத்து வரிகளும் வரி மதிப்பின் மேல்தான் விதிக்கப்படுகின்றன. சந்தை விலையின் மேல் அல்ல. ஆகவே தெரு முழுக்கச் சேர்ந்து வாக்களிக்கும் ஒவ்வொரு கடனிலும், 1985-இல் வாங்கியவர் ஒரு பங்கு கட்டினால் 2018-இல் வாங்கியவர் கிட்டத்தட்ட ஐந்து பங்கு கட்டுகிறார். வாக்கு மட்டும் ஆளுக்கொன்று. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஒன்பது மாவட்டங்களுக்குமாக 2,000 கோடி டாலர் வீட்டுவசதிக் கடன் ஒன்று இந்த நவம்பருக்கு வருவதாக இருந்தது. ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். ஒரு லட்சம் டாலர் வரி மதிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 19 டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். மேலே சொன்ன இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 62 டாலர், மற்றொன்றுக்கு 300.

நான் 5-க்கு ‘ஆம்’ போடுவேன். வீட்டுவசதி இல்லாமல் ஆசிரியர்கள் இரண்டு மணி நேரம் காரோட்டி வருகிறார்கள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போடுவேன்.

அக்டோபர் 9, பின்குறிப்பு

புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு: துணை வரி பில் என்று தனியாக ஒன்று சில மாதங்கள் கழித்து வரும். பழைய உரிமையாளரின் மதிப்புக்கும் உங்கள் விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கானது. கடன் கொடுத்த நிறுவனம் மாதத் தவணையோடு வசூலிக்கும் தொகையில் பெரும்பாலும் இது சேராது. எனக்கு வந்தபோது மோசடிக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட இருந்தேன். தாமதமானால் 10 விழுக்காடு அபராதம்.

அக்டோபர் 12

2, 4 இரண்டும் மாநிலக் கடன் பத்திரங்கள். தலா 1,000 கோடி டாலர். ஒன்று பள்ளிக் கட்டடங்களுக்கு, ஒன்று தண்ணீர், காட்டுத்தீ, பருவநிலைக்கு. சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எழுதியிருப்பதைப் பாருங்கள்: முதலாவதுக்கு ஆண்டுக்கு 50 கோடி வீதம் 35 ஆண்டு, இரண்டாவதுக்கு 40 கோடி வீதம் 40 ஆண்டு. மொத்தமாக 1,750 கோடி, 1,600 கோடி. இது உங்கள் சொத்து வரிப் பில்லில் வராது. மாநிலத்தின் பொது நிதியிலிருந்து போகும். அதனால்தான் யாருக்கும் வலிப்பதில்லை. அந்த அலுவலகம் கட்சி சாராதது. கையேட்டில் நான் வரி விடாமல் படிப்பது அவர்கள் எழுதும் பகுதியை மட்டும்தான். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களில் ஆச்சரியக்குறிகளைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

அக்டோபர் 13

36-ஐப் பற்றிச் சூடாகச் சண்டை நடப்பதால் என் பங்குக்கு.

2014-இன் 47-ஆம் முன்மொழிவு, 950 டாலர் வரையிலான திருட்டையும் சொந்த உபயோகத்துக்குப் போதைப்பொருள் வைத்திருப்பதையும் சிறு குற்றமாக்கியது. சிறைச்செலவில் மிச்சமாகும் பணம் மனநல, போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் பள்ளிகளுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் போகும் என்று எழுதிவைத்தது. அண்மையில் அது ஆண்டுக்குச் சுமார் 9.5 கோடி டாலர். இப்போது 36, திருட்டுக்காக இரண்டு முறை தண்டனை பெற்றவர் மூன்றாம் முறை எவ்வளவு திருடினாலும் பெருங்குற்றமாக்கலாம் என்கிறது; போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை அல்லது சிறை என்று புதுவகைக் குற்றம் ஒன்றையும் சேர்க்கிறது. செலவு ஆண்டுக்குப் பல கோடிகளிலிருந்து சில பத்துக் கோடிகள் வரை என்று பகுப்பாய்வாளர் மதிப்பிடுகிறார். அதற்கான பணம் எங்கே என்று சட்டத்தில் தேடினேன். இல்லை. கைதிகள் கூடினால் 47-இன் மிச்சம் குறையும். மிச்சம் குறைந்தால் சிகிச்சைக்கான பணம் குறையும். சிகிச்சையைக் கட்டாயமாக்கும் சட்டம் சிகிச்சைக்கான பணத்தைக் குறைக்கிறது.

“இதைச் சட்டமன்றமே செய்திருக்கலாமே, எதற்கு வாக்கெடுப்பு?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத்தான் 5-ஆம் தேதி சொன்னேன். 47 மக்கள் போட்ட பூட்டு. அதன் நோக்கத்தோடு ஒத்துப்போகாத எதையும் சட்டமன்றம் தனியாகச் செய்ய முடியாது. ஆளுநர் தரப்பு போட்டிக்கு ஒரு முன்மொழிவைக் கொண்டுவரப் பார்த்து ஜூலைத் தொடக்கத்தில் கைவிட்டது. இரண்டும் ஜெயித்து ஒன்றோடொன்று மோதியிருந்தால், கூடுதல் வாக்கு வாங்கியதுதான் செல்லும்.

அக்டோபர் 13, இரவு

3-ஐப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: 2008-இல் 8-ஆம் முன்மொழிவு எழுதிய ‘ஆண் பெண் திருமணம் மட்டுமே செல்லும்’ என்ற வாசகம் நீதிமன்றங்களால் 2013-லிருந்தே செயலற்றது. ஆனாலும் அரசியல் சட்டப் புத்தகத்தில் இன்னும் அச்சாகிறது. செத்த வாசகத்தை அப்புறப்படுத்தவும் மக்கள் வாக்குதான் வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் இல்லை’ போட்டால் அது அங்கேயே கிடக்கும்.

அக்டோபர் 19

கையெழுத்து எப்படித் திரட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். சென்ற ஆண்டு ஒரு கடை வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன். மடக்கு மேசை, அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மனு, நூலில் கட்டிய பேனா. இளைஞர் என்னைப் பார்த்ததும் மேலே இருந்ததை நீட்டி, “வீடில்லாதவர்களுக்கு உதவும், ஒரு கையெழுத்து” என்றார். தலைப்பைப் படித்தேன். வீடில்லாதவர்கள் என்ற சொல்லே அதில் இல்லை. சுட்டிக்காட்டினேன். சிரித்துக்கொண்டே அடுத்த அட்டையை எடுத்து மேலே வைத்தார். உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். மறைக்கவில்லை: கையெழுத்துக்கு இவ்வளவு, இதைவிட அதற்குக் கொஞ்சம் கூடுதல், கெடு நெருங்கினால் விலை ஏறும் என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கையெழுத்துக்குக் காசு கொடுப்பது இங்கே சட்டப்படி செல்லும். மனுவிலேயே “இதைச் சம்பளத்துக்கு ஆள் வைத்தும் திரட்டலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு” என்று அச்சிட்டிருக்கும். பெருந்தொகை கொடுத்தவர்களின் பட்டியலையும் காட்ட வேண்டும். நான் முதலில் கேட்பது அந்தப் பட்டியலை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாக் கையெழுத்தும் வாக்குச்சீட்டுக்கு வருவதற்காகத் திரட்டப்படுவதில்லை. 2014-லிருந்து, தகுதி பெறும் நாளுக்கு முன் முன்முயற்சியைத் திரும்பப் பெறலாம். 2018-இல் குளிர்பானத் தொழில்துறை என்ன செய்தது? உள்ளூர் வரிகள் எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று ஒரு முன்முயற்சிக்குக் கையெழுத்தைக் குவித்து வைத்துக்கொண்டு சட்டமன்றத்தோடு பேரம் பேசியது. ஜூன் 28, கடைசி நாள். 2031 வரை புதிதாக எந்த நகரமும் குளிர்பான வரி போடக் கூடாது என்று சட்டமன்றம் அவசரமாகச் சட்டம் போட்டது. முன்முயற்சி காணாமல் போனது. அதே நாளில் அதே வழியில் வந்ததுதான் நுகர்வோர் தரவு உரிமைச் சட்டமும். ஒரே கதவு வழியாக நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது.

அக்டோபர் 20

33, 34 ஜோடி. இந்த ஆண்டின் நகைச்சுவை இதுதான். எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2018-லும் 2020-லும் வாடகைக் கட்டுப்பாட்டுக்கு முன்முயற்சி கொண்டுவந்து தோற்றது. 33 மூன்றாவது முயற்சி. 34-ஐக் கொண்டுவந்தது அடுக்குமாடி உரிமையாளர் சங்கம். மருந்துத் தள்ளுபடித் திட்டத்தில் பணம் ஈட்டி, பத்தாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் நேரடிச் சிகிச்சை அல்லாதவற்றுக்குச் செலவழித்து, 500-க்கு மேல் கடும் பாதுகாப்பு விதிமீறல்கள் உள்ள குடியிருப்புகளையும் நடத்தும் நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு. மாநிலத்தில் அப்படி எத்தனை நிறுவனங்கள் இருக்கும் என்று விரல் விடுங்கள். ஒரு விரலே அதிகமாக இருக்கலாம். எதிரியின் கைச்செலவை நிறுத்த நான்கு கோடிப் பேரின் மாநிலத்தில் ஒரு வாக்கெடுப்பு.

அக்டோபர் 26

“உங்களுக்கும் சொந்த வீடு இருக்கிறது, 13-ஐத் திட்டுகிறீர்களே, எடுத்துவிட்டால் சந்தோஷமா?” என்று ஒரு கேள்வி. நியாயமான குத்து.

வாங்கிய முதல் ஆண்டில் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். இப்போது குரல் அவ்வளவு உயரவில்லை. ஆண்டுக்கு 2 விழுக்காடுதான் ஏறும் என்பது எனக்கும் பழகிவிட்டது. எதிர் வீட்டில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக இருக்கிறார். சந்தை விலைக்கு வரி போட்டால் அவர் ஓய்வூதியத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அவரை வெளியேற்றும் சட்டத்துக்கு நான் ‘ஆம்’ போட மாட்டேன்.

ஆனால் அதே பாதுகாப்பு வணிக வளாகத்துக்கு எதற்கு? வீடு ஒருநாள் கைமாறித்தான் ஆக வேண்டும், மனிதர்கள் சாகிறார்கள். நிறுவனங்கள் சாவதில்லை. நிறுவனத்தின் பெயரில் சொத்து இருந்தால், பாதிக்கு மேல் பங்கு ஒருவர் கைக்கு மாறாதவரை மறுமதிப்பீடே கிடையாது. 50, 50 என்று பிரித்து வாங்கினால் பழைய மதிப்பிலேயே ஓட்டலாம். இதைத்தான் 2020-இன் 15-ஆம் முன்மொழிவு சரிசெய்யப் பார்த்தது: 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பு. ஆண்டுக்கு 650 முதல் 1,150 கோடி டாலர் வரும் என்று மதிப்பீடு. 52-க்கு 48 என்று தோற்றது.

அதே நாளில் 19 மயிரிழையில் ஜெயித்தது. நம்மவர்களில் பலருக்கு இன்னும் தெரியாதது இது. 1986 முதல் பெற்றோர் வீடு பிள்ளைக்குப் போனால் பழைய வரி மதிப்பும் கூடவே போகும். 2021 பிப்ரவரி 16 முதல், பிள்ளை ஓராண்டுக்குள் அந்த வீட்டில் குடியேறி வாழ்ந்தால்தான் அது. அதற்கும் 10 லட்சம் டாலர் கூடுதல் என்ற அளவில் ஓர் உச்சவரம்பு. வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் என் நண்பர் ஒருவர், பிப்ரவரி 15-க்குள் பத்திரம் மாற்ற வழக்கறிஞரைத் தேடி அலைந்தார். எந்த வழக்கறிஞரும் தொலைபேசியை எடுக்கவில்லை.

பூட்டைத் திறக்க முடியும், ஆனால் சன்னல் அளவுக்குத்தான் என்பதற்கு 19 சாட்சி. 55 வயதைத் தாண்டியவர்கள் பழைய மதிப்பை மாநிலத்துக்குள் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்ற சலுகையையும் சேர்த்துக் கட்டியதால்தான் அது ஜெயித்தது. யாருக்காவது ஏதாவது கொடுக்காமல் 13-இல் ஓர் எழுத்தையும் அசைக்க முடியாது.

நவம்பர் 6

36 பெரிய வெற்றி. 5 தோல்வி என்று தெரிகிறது. 32-உம் 34-உம் இழுபறி. தபால் வாக்குகள் எண்ண வாரக்கணக்கில் ஆகும். இப்போதே பகுப்பாய்வு எழுத வேண்டாம்.

டிசம்பர் 14

அதிகாரபூர்வ முடிவு வந்துவிட்டது. 2, 3, 4, 34, 35, 36 ஜெயித்தன. 5, 6, 32, 33 தோற்றன. 36-க்கு 68 விழுக்காடு. 34 சுமார் 51-இல் தப்பியது. 18 டாலர் குறைந்தபட்சக் கூலி கேட்ட 32 நூலிழையில் போனது. 5-க்கு 45 விழுக்காடுதான். 55-ஐக் கேட்ட முன்மொழிவுக்கு 55 பேர் ‘இல்லை’ என்றார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது 2, 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம். அதே வாக்காளர்கள், அதே நாள். 2,000 கோடி மாநிலக் கடனுக்கு ஆம், உள்ளூர்க் கடனை எளிதாக்க இல்லை. முதலாவது பில்லில் தெரியாது, இரண்டாவது தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

டிசம்பர் 15

“கையேடு ஹிந்தியில் வருகிறது, தமிழில் இல்லை. நாமே ஒரு முன்முயற்சி போட்டால் என்ன?” என்று கேள்வி கேட்ட தம்பியே கிளப்பிவிட்டிருக்கிறார். போடலாமே. வழி சொல்கிறேன்.

வரைவோடு 2,000 டாலர் கட்ட வேண்டும். வாக்குச்சீட்டுக்குத் தகுதி பெற்றால் திரும்பக் கிடைக்கும். முப்பது நாள் பொதுமக்கள் கருத்து. தலைப்பை நாம் எழுத முடியாது. அட்டர்னி ஜெனரல் நூறு சொற்களுக்குள் எழுதுவார், செலவு மதிப்பீட்டைப் பகுப்பாய்வாளர் போடுவார். பிறகு 180 நாள். சாதாரணச் சட்டமென்றால் 5,46,651 கையெழுத்து, அரசியல் சட்டத் திருத்தமென்றால் 8,74,641. செல்லாதவை கழியும் என்பதால் கூடுதலாகவே திரட்ட வேண்டும். மாவட்ட அலுவலகங்கள் மாதிரிக்கு 3 விழுக்காட்டைச் சரிபார்க்கும். தேவையைப்போல 110 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் நேராகத் தகுதி, 95-க்குக் கீழ் என்றால் வீட்டுக்குப் போகலாம், இடையில் என்றால் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள்.

ஐந்தரை லட்சம் கையெழுத்துக்கு ஆள் வைத்தால் பல பத்து லட்சம் டாலர் ஆகும். ஆள் வைக்காமல் திரட்டலாம் என்றால், சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் குடியுரிமை பெறாதவர்கள், மீதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் இருப்பார்கள்.

எதற்கும் வரைவைத் தொடங்குங்கள். திருத்துவதற்கு எத்தனை பங்கு பெரும்பான்மை போடலாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். எட்டில் ஏழு என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.